சுண்டெலியின் சிவப்பு நகங்கள்

அன்புத் தங்கைக்கு,

ஐந்து வயதுக் குழந்தைக்கு நகப்பூச்சு போடலாமா? கல்லூரியில் வேதியியல் நடத்தும் எனக்கே பதில் தெரியவில்லை. இதுவரை கூடாது என்றுதான் சொல்லிவந்தேன்.

நீ ஆஸ்பத்திரிக்குப் போனதிலிருந்து உன் மகள் ரத்தம் வரும்வரை நகம் கடித்தாள். கசப்பு மருந்து தடவினேன், அதையும் நக்கிவிட்டாள். போன மாதம் உன் சிவப்புப் புட்டியைத் தேடியெடுத்து வந்து நீட்டினாள்.

"இத போட்டா கடிக்க மாட்டேன் பெரியம்மா. அம்மா கலரு."

"வாய்ல போனா கெடுதல்டி சுண்டெலி."

"அதனாலதான் வாய்ல வைக்க மாட்டேங்கறேன்ல!"

புட்டியைத் திறந்து போட்டுவிட்டேன். என் சுண்டுவிரலுக்கும் அவளே பூசினாள். அதோடுதான் வகுப்புக்குப் போய்வருகிறேன், மாணவிகள் சிரிக்கிறார்கள்.

பூச்சு உரிய ஆரம்பித்துவிட்டது, நாளை அழிக்கப்போகிறேன். மறுபடியும் கடிப்பாளோ என்று பயமாகத்தான் இருக்கிறது.

உன் அக்கா

மறுநாள் சேர்ப்பது: அழித்தேன். வெறும் விரல்களை விரித்து வெகுநேரம் பார்த்தாள். கை வாய்ப்பக்கம் போகவே இல்லை. "எவ்ளோ வளந்திருக்கு! வெட்டி அம்மாக்கு அனுப்பு" என்றாள். நீ போன பிறகு முதல்முறையாக வெட்டுவதற்கு நகம் இருந்தது. பத்துத் துண்டுகளையும் மடித்து இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன். முகம் சுளிக்காதே, எண்ணிப் பார்.