அந்தோனியாரின் நண்டுக்கு உன் கையெழுத்து

இந்தச் சாமத்தில் எழுதுவதற்குக் குறை நினைக்காதே. பிள்ளைக்குச் சளி, சிணுங்கிச் சிணுங்கி இப்போதுதான் கண்ணயர்ந்தாள். போன கிழமை வரிக் கந்தோருக்குக் கணக்குக் காட்டக் கொண்டுபோன பையை அதன் பிறகே அவிழ்த்தேன். நமது பழைய நிறைச் சீட்டுகளிலிருந்து நண்டு மணம் எழுந்தது. அலுமாரிக்குள் கற்பூரம் போட்டு வைத்தும் அது போகவில்லை. மணத்தோடு நீயும் வந்துவிட்டாய்.

நீ கனடா போன புதிதில் தினமும் பேசினாய். பிறகு ஞாயிறுகளில். பிறகு திருநாளுக்கு ஒரு வாழ்த்துப் படம். உனக்கு இரவு வேலை என்று உன் அம்மா சொன்னார். நான் கோபிக்கவில்லை.

ஊர்காவற்துறைக் கரையில் நாமிருவரும் கொட்டில் போட்டு நண்டு வாங்கத் தொடங்கிய காலையை நினைக்கிறேன். வணிகம் படித்துவிட்டு வேலையில்லாமல் இருந்தவள் நான். நீயோ அங்குள்ள எல்லா வள்ளங்களையும் சிறுவயதிலிருந்தே அறிந்தவள். எழுவைதீவிலிருந்து வந்த ஓர் அண்ணை என்னைப் பார்த்து, “பட்டதாரி அம்மா நிறுக்க வந்திருக்கிறா, இனி விலையும் இங்கிலீசிலைதான்” என்றார். நீ தலை நிமிராமலே, “எந்தப் பாஷையிலை சொன்னாலும் அண்ணை, உங்கட பெட்டியிலை பாதி தண்ணிதான்” என்றாய். அன்றிலிருந்து அவர் நமக்கே நண்டு தந்தார்.

நீ கரையில் நிறுத்துச் சீட்டெழுதுவாய். ஈரமாகி வரும் அந்தச் சீட்டுகளை நான் குசினிக்குள் அடுப்புக்கு மேலே கொடி கட்டி, உடுப்புக் கிளிப் போட்டுக் காயவைத்து, அன்றன்றே கணக்கில் ஏற்றுவேன். “ஆருக்குக் கலியாணம், தோரணம் தொங்குது?” என்று என் அவர் கேட்பார். பனிக்கட்டிக் காசு, லொறிக் கூலி, செத்து எறிந்த நண்டு எல்லாவற்றின் சீட்டுகளும் அந்தக் கொடியில் காய்ந்தவைதான்.

நாம் முட்டிக்கொண்டது ஒரே ஒரு விசயத்தில். கொடியேற்றம் முதல் திருநாள் வரை வள்ளத்துக்கு வள்ளம் அந்தோனியார் கோயிலுக்கென்று ஒரு பங்கு நண்டு ஒதுக்குவார்கள். அதுவும் நமது நண்டோடு லொறியில் பதனிடும் தொழிற்சாலைக்குத்தான் போகும். தொழிற்சாலை எல்லாக் காசையும் சேர்த்து நமது வங்கிக் கணக்கில் போடும். கோயில் பங்கை நீ எடுத்துக் கொண்டுபோய்க் கொடுப்பாய். அதற்குச் சீட்டு எழுதச் சொன்னபோது உனக்கு முகம் கறுத்தது.

“எடியே, அது அந்தோனியாற்ற நண்டு. எங்கட இல்லாததை எங்கட கணக்கிலை ஏன் எழுதுவான்?”

“எங்கட இல்லையெண்டு காட்டத்தான் எழுதவேணும்.”

சாமியின் காசில் நான் சந்தேகப்படுகிறேன் என்று நினைத்தாய். ஆனால் மறுநாள் முதல் கோயில் பங்குக்குத் தனிச் சீட்டு வந்தது, உன் கோணல் எழுத்தில், மூலையில் ஒரு சின்னச் சிலுவையோடு.

இப்போது, நாம் அந்த வருடங்களில் காட்டிய விற்பனையைவிட வங்கிக்கு வந்த காசு கூட என்று வரிக் கந்தோரிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. கோயில் பங்கான அந்த மிச்சமும் நமது வருமானம்தான் என்று அவர்கள் முடிவெடுத்தால், வரியும் தண்டமும் சேர்ந்து, காற்று விழுந்து கடல் அடங்கியதும் நண்டு வாங்க வைத்திருக்கும் முதற்காசைத் தின்றுவிடும். பிறகு கொட்டில் இல்லை. நண்டு தரம் பிரிக்கும் பெண்களுக்கும் வேலை இல்லை, என் பிள்ளைக்குப் பால்மாவும் இல்லை.

சீட்டுகளையும் கணக்கையும் எடுத்துக்கொண்டு யாழ்ப்பாணத்துக்குப் பஸ் ஏறினேன். கந்தோரிலிருந்த அதிகாரி அம்மா ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். சீட்டும் கணக்கும் எங்கும் பிசகவில்லை. இவ்வளவு ஒழுங்காக ஆரும் கொண்டுவருவதில்லை என்றுகூடச் சொன்னார். சிலுவைச் சீட்டுகளில் வந்து நின்றார்.

“இது உங்கட எழுத்தில்லை எல்லோ?”

“ஓம். என்ர கூட்டாளியின்ரை. அவதான் கோயிலுக்குக் காசு குடுத்தவ.”

“அப்ப அவதான் கையெழுத்து வைக்கவேணும். கோயிலிலையிருந்தும் ஒரு கடிதம் கொண்டுவாங்கோ.”

அப்போது கோயிலில் பூசை வைத்த சுவாமி மாற்றலாகிப் போய்விட்டார். தேடிப் பிடித்தேன், காசு பெற்றதாக எழுதித் தந்துவிட்டார். இனி நீதான் மிச்சம். மாத முடிவுவரை தவணை தந்திருக்கிறார்கள்.

தராசை விற்றுவிட்டுப் பள்ளிக்கூட வேலைக்கு எழுதிப்போடச் சொல்கிறார் என் அவர். ஏலாது என்று சொல்லிவிட்டேன். பயம் இல்லையென்று சொல்லமாட்டேன். பிள்ளை இருமும்போதெல்லாம் எனக்கு வரிக் கந்தோர்க் கடிதம்தான் ஞாபகத்துக்கு வருகிறது. ஆனாலும் கொட்டிலைத் திறப்பேன். இந்தத் திருநாளிலிருந்து கோயில் பங்கின் காசு நேரே கோயில் கணக்குக்குப் போகவேண்டும் என்று தொழிற்சாலையிலும் பேசிவிட்டேன்.

நிறுக்க முன்னர் நீ வெறுந் தராசை எல்லாருக்கும் காட்டுவாயே. “முதல் முள்ளைப் பாருங்கோ அண்ணை, பிறகு பெட்டியை வையுங்கோ” என்பாய். அவசரத்தில் நிற்பவர் வைதாலும் விடமாட்டாய். அந்தப் பழக்கம் என்னிடமும் ஒட்டிக்கொண்டது. கந்தோரிலும் அந்த அதிகாரி அம்மா கேட்க முன்னரே வங்கிக் கணக்குக் கூற்றை எடுத்து முன்னால் வைத்துவிட்டுத்தான் பேசத் தொடங்கினேன்.

இதனுடன், கோயில் பங்குக் காசை நீ கோயிலில் கொடுத்தாய் என்ற உறுதிக் கடிதம் வைத்திருக்கிறேன். வாசித்துப் பார், உண்மைக்கு மாறாக ஒரு சொல்லும் இல்லை. பென்சிலால் அடையாளமிட்ட இடத்தில் கையெழுத்து வைத்து அனுப்பு. போனில் படம் எடுத்து அனுப்பினால் ஏற்கமாட்டார்கள், தாளே வேண்டும். கிடைத்ததும் உடனே மறுமொழி போடு.