சிறு சிரமம்

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது.

இங்கே நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், அப்பாவின் முதுகைத் தவிர. நீ எப்படி இருக்கிறாய் என்று வழக்கம்போல் ஒப்புக்குக் கேட்கவில்லை, இந்த முறை நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் எழுதுகிறேன். போனில் கேட்டால் எல்லாம் சூப்பர்ம்மா என்று சிரித்து மழுப்பிவிடுவாய். முதலில் நானே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், திட்டாதே. சலவைக் கடையில் எனக்கு இப்போது வாரத்தில் மூன்று நாள்தான் வேலை. படுக்கை விரிப்பும் தலையணை உறையும் அனுப்பிக்கொண்டிருந்த ஓட்டல்காரர்கள் சொந்தமாக மெஷின் வாங்கிவிட்டார்களாம். வருகிற சம்பளம் வாடகைக்கே போதவில்லை. உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றார் அப்பா, நானும் சரியென்று வாயை மூடிக்கொண்டேன்.

போன வாரம் மளிகைக்குப் பணம் எடுக்க ஏடிஎம்முக்குப் போனால் போதுமான இருப்பு இல்லை என்கிறது. போன மாதம் நீ அனுப்பியது அப்படியே இருக்க வேண்டும், யார் எடுத்தது? பின்னால் நின்றவர் உச்சுக்கொட்ட, வந்த கோபத்தில் நேரே வங்கிக்குள் போய்விட்டேன். கவுன்டரில் இருந்த பெண்ணுக்கு உன் வயதுதான் இருக்கும், பொறுமைசாலி, ஸ்டேட்மென்ட்டை அச்செடுத்துப் பென்சிலால் கோடு போட்டுக் காட்டினாள். அப்பாவின் மருத்துவக் காப்பீட்டுத் தவணையை மாதாமாதம் ஐந்தாம் தேதி கணக்கிலிருந்து தானாக எடுத்துக்கொள்ளும்படி நீதானே எழுதிக் கொடுத்தாய், அன்றைக்குக் கணக்கில் பணம் இல்லையாம், அதற்கு ஓர் அபராதம். மறுபடி எடுக்கப் பார்த்தார்களாம், அதற்கும் அபராதம். இருப்பு குறைந்ததற்கு இன்னொன்று. பணம் இல்லை என்பதற்காகப் பணம் பிடிப்பது என்னம்மா கணக்கு என்று கேட்டேன், அவளும் சிரித்துவிட்டாள். மூன்று மாதமாக இதே கதை, நீ அனுப்பியதெல்லாம் அபராதத்துக்கே போயிருக்கிறது. நாலாவது முறையும் தவணை திரும்பினால் காப்பீடே ரத்தாகிவிடுமாம், அப்பாவின் முதுகு ஆபரேஷனுக்குத் தேதி குறித்திருக்கிற நேரத்தில்!

பண நெருக்கடியில் இருப்பவர்கள் மாதக் கடைசிக்குள் ஒரு படிவம் எழுதிக் கொடுத்தால், பிடித்த அபராதத்தை வங்கி திருப்பித் தருமாம். அது வந்தால் அடுத்த தவணையைக் கட்டிவிடலாம். கையெழுத்து அழகாயிற்றே என்று அப்பாவிடம் படிவத்தைக் கொடுத்தேன், அதுதான் நான் செய்த முட்டாள்தனம். கஷ்டத்தின் விவரம் என்ற இடத்தில் அரை மணி நேரம் பேனாவைக் கடித்துவிட்டுச் சிறு சிரமம் என்று எழுதி வைத்திருக்கிறார் மனிதர். நாம என்ன பிச்சையா கேக்கறோம் என்று எனக்கு ஒரு முறைப்பு வேறு. அதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் அந்தப் பெண், சின்ன சிரமத்துக்கெல்லாம் திருப்பித் தர மாட்டாங்கம்மா, உள்ளத உள்ளபடி எழுதுங்க என்று புதிதாக இரண்டு படிவம் கொடுத்தாள், ஒன்று கெட்டாலும் இன்னொன்று இருக்கட்டும் என்று. இந்த முறை நானே உட்கார்ந்து எழுதினேன். மூன்று நாள் வேலை, வாடகை பாக்கி, அப்பாவின் மாத்திரை என்று எழுத எழுத அழுகை வந்துவிட்டது, இவ்வளவு கஷ்டத்திலா இருக்கிறோம் என்று எழுதிப் பார்த்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. முதலாளியும் ஒரு கடிதம் கொடுத்தார், வேலை குறைந்ததைப் பற்றி ஒரு வரி, நான் காலர் சுருங்காமல் தேய்ப்பதைப் பற்றி ஆறு வரி, என்னைப் பெண் பார்க்க வந்தவர்களுக்கு எழுதின மாதிரி.

எல்லாம் எழுதி முடித்தால் கடைசியில் ஒரு கட்டம். தவணை நாளில் கணக்கில் பணம் இல்லாததற்குக் காரணம் என்ன? அங்கேதான் நின்றுபோனேன். ஸ்டேட்மென்ட்டை எடுத்து மறுபடி பார்த்தேன். மூன்றாம் தேதி வர வேண்டிய உன் பணம் முதலில் பதினொன்றாம் தேதி வந்திருக்கிறது, அடுத்த மாதம் பத்தொன்பதாம் தேதி, இந்த மாதம் பாதிதான் வந்திருக்கிறது, அதுவும் ஐந்தாம் தேதிக்குப் பிறகு. காய்ச்சலில் படுத்திருந்தபோதுகூட மூன்றாம் தேதி தவறாத பிள்ளை நீ. மகள் மறந்துட்டான்னு எழுது என்றார் அப்பா, எனக்குக் கை வரவில்லை, நீ மறக்கிறவளா? சம்பளம் தாமதமா, வேலையே போய்விட்டதா, உடம்புக்கு ஏதாவதா, யாரிடமாவது கைமாற்று வாங்கி எங்களுக்கு அனுப்பினாயா, எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஒரு நேரம் உன்மேல் கோபமாக வருகிறது, ஒரு நேரம் என்மேலேயே. நாங்கள் உன்னிடம் மறைத்தோம், நீ எங்களிடம் மறைத்தாயா? நல்ல குடும்பம் போ.

வேளைக்குச் சாப்பிடு, ராத்திரி கண் விழிக்காதே. வீட்டுக்கு வர வேண்டுமென்று தோன்றினால் யோசிக்காமல் வந்துவிடு, உன் கட்டில் அப்படியேதான் இருக்கிறது, அப்பாவின் வெந்நீர்ப் பைதான் அதன்மேல் கிடக்கிறது, எடுத்துப் போட்டால் ஆயிற்று. எங்கே இருந்தாலும் ஒரு குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும், எங்கள் இருவரின் ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு. வங்கியில் கொடுக்க இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது, அந்தக் கட்டத்தை மட்டும் காலியாக விட்டு வைத்திருக்கிறேன். அந்தப் பெண் கொடுத்த இன்னொரு படிவத்தை இதனுடன் மடித்து வைத்திருக்கிறேன், அது உனக்கு. எழுதி எனக்கே அனுப்பு, வங்கிக்கு வேண்டாம். மறந்துவிடாதே, அப்பாவைப் போல் சிறு சிரமம் என்று மட்டும் எழுதிவிடாதே.

உன் பதிலுக்காக வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும்
உன் அம்மா