ஆளுக்கு வேலை போட்ட மத்தியானங்கள்

இன்று காலை பக்கத்து வீட்டு அக்கா ரயில் டிக்கெட் எடுக்க வேண்டும் என்று வந்தாள். நான் அடுப்படியில் நின்றதால் லேப்டாப்பை அவளிடமே கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் கூப்பிட்டாள்.

"பிள்ளே, உனக்க மவுசு கேடாயிப் போச்சு கேட்டியா. இந்தப் பக்கம் அமுக்கினா அந்தப் பக்கம் வேலை செய்யுகு."

கேடு ஒன்றும் இல்லை. உன் இடக்கைக்காக நான் மாற்றி வைத்த மவுஸ் அது. நீ போய் ஒரு மழைக்காலம் முழுதாகக் கழிந்துவிட்டது. நான் வலக்கைக்காரிதான். இருந்தும் அதைத் திருப்பி மாற்றத் தோன்றவில்லை. "அது அப்படித்தான் அக்கா" என்று சொல்லி டிக்கெட்டை நானே எடுத்துக் கொடுத்தேன். அவள் போன பிறகு வீடு வழக்கம்போல அமைதியாகிவிட்டது. உன்னிடம் பேச வேண்டும் போல இருந்தது.

நீ குவைத்திலிருந்து திரும்பி வந்தபோது உன் கன்னமெல்லாம் வீங்கியிருந்தது. அங்கே ஆஸ்பத்திரியில் ஒரு வார்டு முழுவதற்கும் பொறுப்பாக இருந்தவள் நீ. யாருக்குக் காலை, யாருக்கு ராத்திரி, யாருக்கு லீவு என்று ஆளுக்கு டியூட்டி போட்டே வயதைக் கழித்தவள். இரண்டு சிறுநீரகமும் கைவிட்ட பிறகு கருங்கல் ஊரில் இருந்த அம்மாவிடம் வந்து சேர்ந்தாய். ஒன்றுவிட்டு ஒரு நாள் நாகர்கோவிலுக்கு டயாலிசிஸ். உன் அம்மாவுக்கு முட்டுவலி, பஸ் ஏற முடியாது. அண்ணன் வெளிநாட்டில். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் இருந்தவள் நான். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை செய்கிறவள் என்பதால், அலுவலகத்தில் கேட்டு நேரத்தை மாற்றிக்கொண்டு உன்னோடு வந்தேன்.

மத்தியானம் முழுவதும் நீ அந்தக் கட்டிலில் கிடக்க வேண்டும். தண்ணீர் அளவுதான் குடிக்கலாம் என்பதால் ஒரு ஐஸ் துண்டை வாயில் ஒதுக்கிக்கொண்டு சுவரைப் பார்த்துக் கிடப்பாய். பேச இருந்ததெல்லாம் சில நாட்களிலேயே தீர்ந்து போயிற்று. அப்போதுதான் நான் லேப்டாப்பில் விளையாடிக்கொண்டிருந்த விளையாட்டைத் திறந்து உன் மடியில் வைத்தேன்.

"இதென்னட்டி, ஆளுகள வச்சி வளக்குதியா?" என்றாய்.

ஏறக்குறைய அதுதான். பனி பெய்யும் ஒரு பள்ளத்தாக்கில் குடியேறிய சின்னக் கூட்டம். உழ, சமைக்க, மரம் வெட்ட, காயம்பட்டவரைப் பார்க்க ஆள் வேண்டும். யார் எந்த வேலையை முதலில் செய்ய வேண்டும் என்று ஒரு பெரிய கட்டத்தில் நாம் எண் போட வேண்டும். சரியாகப் போட்டால் குடியிருப்பு பிழைக்கும். தவறினால் குளிர்காலத்தில் பட்டினி. நீ முதல் நாளே எல்லாருக்கும் பெயர் வைத்துவிட்டாய். சமையலும் வராது, மரமும் வெட்டாது, கால் வேறு ஊனம் என்று ஒருத்தி இருந்தாள். "இதுக்கு உனக்க பேருதான்" என்று சொல்லி என் பெயரை வைத்தாய்.

ஆனால் ஒருவருக்கு அடிபட்டால் கட்டம் முழுவதையும் மாற்ற வேண்டியிருந்தது. உன் இடக்கையில் டயாலிசிஸ் ஊசி போடும் வழி அடைத்துப்போய் வலக்கைக்கு மாற்றியிருந்தார்கள். அந்தக் கையை அசைக்கக் கூடாது. மவுஸை இடக்கைக்கு மாற்றிக் கொடுத்தும், பழக்கமில்லாத அந்தக் கையால் ஒவ்வொரு கட்டமாக அமுக்கி அமுக்கி உனக்கு வேர்த்துவிட்டது. ஒரு நாள் மவுஸைத் தள்ளி வைத்தாய்.

"எனக்கு இனி மேலா ஏட்டி, கை கடுக்குகு. குவைத்திலயும் டியூட்டி போடணும், இஞ்சயும் டியூட்டி போடணுமா? தானா ஓடுகது போல ஒண்ணு எழுதேன். நீ கம்ப்யூட்டர் படிச்சவதானே."

அந்த விளையாட்டில் நாமே ஒரு நிரல் எழுதிச் சேர்த்துக்கொள்ளலாம். எழுதினேன். எந்த வேலையில் யார் கெட்டியோ அந்த வேலை அவருக்கு. எளிய விதி. எஸ்தர் என்று நீ பெயர் வைத்தவள் சமையலிலும் கெட்டி, வைத்தியத்திலும் கெட்டி. ஓநாய் கடித்து ஒருவன் விழுந்ததும் அவள் அங்கே ஓடினாள். அடுப்பு அணைந்தது. ஊரே பசியில் சுருண்டது. நீ சிரித்த சிரிப்பில் கை அசைந்து மெஷின் கத்த, சிஸ்டர் ஓடி வந்து நம் இருவரையும் ஏசினாள்.

"கெட்டிக்காரி தலையிலதான் எல்லாத்தையும் கொண்டு வைப்பாங்க. எங்க வார்டுலயும் இதே கததான்" என்றாய், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

அடுத்து, எது குறைகிறதோ அதற்கு ஆள் போகட்டும் என்று மாற்றினேன். உணவு குறைந்தது, அத்தனை பேரும் வயலுக்கு ஓடினார்கள். விறகு தீர்ந்தது, அறுத்த கதிரைப் போட்டது போட்டபடி அத்தனை பேரும் காட்டுக்கு ஓடினார்கள். கதிர் மழையில் அழுகியது. "கையில எடுத்த வேலைய முடிச்ச பொறவு மாறட்டும். ஒவ்வொரு வேலையிலயும் ஒராளு மாறாம நிக்கட்டும்" என்று நீ சொல்ல, நான் எழுதினேன். அந்தக் குளிர்காலத்தை அவர்கள் ஒருவரையும் இழக்காமல் கடந்தார்கள். நாம் கட்டத்தைத் தொடவே இல்லை. நீ தலையணையில் சாய்ந்து, அவர்கள் தாமாகப் போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டே இருந்தாய். உன் முகத்தில் அப்படியொரு ஓய்வை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

பிறகு ஒரு விதி வேண்டும் என்றாய். யாராவது நோயாகப் படுத்தால் ஒருவர் கூடப் போய் உட்கார வேண்டும்.

"அது வேலைக் கணக்குல வராதுட்டி. சும்மா இருக்கும்போது அதுகளே போய்ப் பாக்கும்" என்றேன்.

"சும்மா இருக்கும்போது இல்ல. கணக்குல ஒரு வேலையாட்டு வை."

"ஆளே பத்தாது. ஒராள சும்ம இருத்தவா?"

உனக்குக் கோபம் வந்தது. உண்மையான கோபம். "நீ நர்ஸ் வேல பாத்திருக்கியா? கைய விடாதீங்க சிஸ்டர்னு கேக்கவங்க கைய வெலக்கிட்டு அடுத்த பெட்டுக்கு ஓடிருக்கியா? வைக்கச் சொன்னா வை."

வைத்தேன். யாரை உட்கார வைப்பது என்று கேட்டேன். நீ திரையைப் பார்த்தபடியே என் பெயரைக் காட்டினாய். "அவளுக்குத்தான் வேற ஒண்ணும் தெரியாதே." உன் குரலில் கோபம் போயிருந்தது. நான் அப்படியே எழுதினேன்.

நீ போனது டயாலிசிஸ் இல்லாத ஒரு நாளில். காலையில் போனில் நன்றாகத்தான் பேசினாய். மத்தியானத்துக்கு முன்னால் உன் அம்மா கூப்பிட்டார்கள். இரணியலில் என் வீட்டிலிருந்து நான் வந்து சேர்ந்தபோது அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னார்கள்.

"மீன்காரி வந்தா மக்கா. சட்டி எடுத்துக் குடுத்துட்டுத் திரும்புகேன். அதுக்குள்ள போயிட்டா. ஒரு சட்டி எடுக்க நேரம்."

வீடு நிறைய ஆட்கள். ஒருவர் பந்தலுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். சபைப் பெண்கள் அடுக்களையில் காப்பி போட்டார்கள். யாரோ உன் அண்ணனுக்கு விமான டிக்கெட் பார்த்தார்கள். யாரும் யாருக்கும் சொல்லாமலே எல்லா வேலையும் நடந்தது. எனக்கு மட்டும் ஒரு வேலையும் இல்லை. உன் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி கிடந்தது. நான் போய் அதில் உட்கார்ந்தேன். அடக்கத்துக்கு எடுக்கும்வரை எழுந்திருக்கவில்லை.

சில மாதம் கழித்து அந்தக் குடியிருப்பைத் திறந்து பார்த்தேன். அது பாட்டுக்கு ஓடியது. எஸ்தர் சமைத்தாள். வயலில் ஒருவன் நின்றான். அவர்களுக்கு என்னால் ஆக வேண்டியது எதுவும் இல்லை. அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. நிரலை எடுத்துவிட்டு எல்லாருக்கும் கையால் வேலை போட்டேன். அப்படியாவது யாருக்காவது நான் தேவைப்பட வேண்டும் என்று நினைத்தேன் போலும். கொஞ்ச நாளில் எல்லாம் குழம்பியது. எஸ்தர் காய்ச்சலில் தனியாகக் கிடந்தாள். என் பெயர் கொண்டவள் நொண்டி நொண்டிக் கல் சுமந்துகொண்டிருந்தாள், நான்தான் அந்த வேலையைப் போட்டிருந்தேன். நிரலைத் திரும்பச் சேர்த்து மூடிவிட்டேன். பிறகு திறக்கவில்லை. அழிக்கவும் இல்லை.

உன்னிடம் சொல்ல இன்னும் ஒன்று இருக்கிறது. போன வாரம் அலுவலகக் கூட்டத்தில், ஓசூரில் தனி அறை எடுத்துத் தங்கியிருக்கும் ஒரு பெண், தனக்குக் காய்ச்சல் என்றாள். எப்போது திரும்புவாய் என்று கேட்டார்கள். அவள் வேலையைப் பிரித்து மற்றவர்களுக்குக் கொடுத்தார்கள். ஒவ்வொருவராக அழைப்பிலிருந்து வெளியேறினார்கள். நான் மட்டும் இருந்தேன்.

"கூட ஆரு உண்டு?" என்று கேட்டேன். நம் ஊர்ப் பேச்சு அப்படியே வந்துவிட்டது.

"என்னக்கா?"

"பக்கத்துல யாராவது இருக்காங்களா?"

"இல்லக்கா" என்றாள்.

"சரி. நான் லைன்ல இருக்கேன். பேச வேண்டாம். நீ படு."

அவள் போனைத் தலையணைப் பக்கம் வைத்த சத்தம் கேட்டது. பிறகு மின்விசிறி. இருமல். வெகுநேரம் கழித்து மூச்சு சீராகி, தூங்கிவிட்டாள் என்று தெரிந்தது. நான் துண்டிக்கவில்லை.