சரிதாவின் வயிற்றுவலி

சேலையூர்
14.7.2006

அன்புள்ள ஜெயவேலுவுக்கு,

அம்மா எழுதறது. நானும் அப்பாவும் நடமாட்டமா இருக்கோம், கடல்ல நீ பத்திரமா இருக்கணும்னு தினம் விளக்கேத்திக் கும்பிடறேன். சரிதாவும் பிழைச்சு வீட்டுக்கு வந்துட்டா. போன வாரம் நீ துறைமுகத்துலேருந்து பேசினப்போ அவளுக்குச் சும்மா வயித்துவலின்னு அப்பா சொல்லிட்டார், கப்பல்ல இருக்கிற பிள்ளை கலங்கிடுவான்னு. எனக்கு மனசு கேட்கலை, உன் பெண்டாட்டி விஷயம் உனக்குத் தெரியணும். கம்பெனி ஆபீஸ்ல கொடுத்தா அடுத்த துறைமுகத்துல உன் கைக்கு வந்துடும்னாங்க. உட்கார்ந்து படி.

அன்னைக்குக் காலையிலேருந்தே அடிவயிறு வலிக்குதுன்னா, சாப்பாடு ஒத்துக்கலைன்னு நினைச்சு ஓமத்தண்ணி கொடுத்தேன். மத்தியானம் தோள்பட்டையும் குத்துதுன்னா, வயித்துக்கும் தோளுக்கும் என்னன்னு எனக்குப் புரியலை. துணி காயப்போடப் போனவ கொடியைப் பிடிச்சபடியே சரிஞ்சுட்டா. உதடு வெளுத்து, கையெல்லாம் சில்லுன்னு வேர்த்துக்கிடந்தது. பக்கத்து வீட்டு ஜெபராஜ் ஆட்டோவுல தூக்கிப் போட்டுக்கிட்டு ஓடினோம், கேம்ப் ரோடு நெரிசல்ல அவர் ஹார்ன்லேருந்து கையே எடுக்கலை.

ஆஸ்பத்திரியில ஷீலான்னு ஒரு சின்ன வயசு டாக்டரம்மா. நாடி பிடிச்சாங்க, கண் இமையை இழுத்துப் பார்த்தாங்க, அப்பாவை வெளியில அனுப்பிட்டு நாள் தள்ளிப் போயிருக்காம்மான்னு கேட்டாங்க. இவ என்னைப் பார்த்துட்டுத் தலையை ஆட்டினா. நீ கப்பலேறின மாசத்துலேருந்தே வரலையாம். உனக்குத்தான் முதல்ல சொல்லணும்னு யார்கிட்டயும் வாய் திறக்காம இருந்திருக்கா. கரு கர்ப்பப்பையில தங்காம பக்கத்துக் குழாய்லயே வளர்ந்து, குழாய் வெடிச்சு உள்ளுக்குள்ளயே ரத்தம் கொட்டுது, அந்த ரத்தம் மேல ஏறி உறுத்தறதாலதான் தோள்வலின்னாங்க. ஸ்கேனுக்குக்கூடக் காத்திருக்கலை, ரெண்டு கையிலயும் டிரிப்ஸ் ஏத்திக்கிட்டே ஆபரேஷனுக்குத் தள்ளிக்கிட்டு ஓடினாங்க. ரத்தம் வேணும்னதும் ஜெபராஜும் ஆட்டோ ஸ்டாண்டுல இருந்த ரெண்டு டிரைவர்களும் வந்து கொடுத்தாங்க, அவங்களை மறந்துடாதே.

கரு போச்சு ராஜா. அந்தக் குழாயையும் எடுத்துட்டாங்க. இன்னொண்ணு நல்லா இருக்கு, குழந்தை பிறக்கும், ஆனா அடுத்த தடவை நாள் தள்ளினதுமே ஸ்கேன் பார்த்துடணும்னு கண்டிப்பா சொல்லியிருக்காங்க.

பார்க்க வந்த உன் அத்தை நாகலக்ஷ்மி, முதல் கருவே தங்கலையேன்னு சரிதா காதுபடவே சொன்னா. இனிமே அவ தெம்பா எழுந்து நடக்கற வரைக்கும் வராதேன்னு சொல்லிட்டேன், அப்பாவுக்கு என்மேல கோபம். சரிதா ஒரு வாய் கஞ்சிக்கு மேல இறக்க மாட்டேங்கறா, அழவும் மாட்டேங்கறா. அவருக்குத் தெரியுமான்னு மட்டும் கேட்டா. இல்லைன்னதும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டா.

படிச்சதும் போன் பண்ணு. எங்க நலம் விசாரிச்சு நேரத்தைக் கழிக்காதே. போனை அவ கையில கொடுத்துட்டு நானும் அப்பாவும் மொட்டை மாடிக்குப் போயிடறோம். ரெண்டு பேரும் அழுது தீர்த்துடுங்க.

வேளைக்குச் சாப்பிடு. சாமி உங்க ரெண்டு பேரையும் கைவிடாம இருக்கட்டும்.

உன் அம்மா,
கனகவல்லி