சித்திரை வெயிலில் ஹீட்டர்

போசரி, 18.4.1999

அன்புள்ள பானு,

உன் கால்வலி குறைந்ததா? தீபா ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா? நான் நன்றாக இருக்கிறேன்.

புதிதாக வாங்கிய பழைய காரில் நேற்று இர்பானுடன் பிம்ப்ரி போனேன். வழியில் இன்ஜின் சூடேறிவிட்டது.

"ஹீட்டரப் போடுண்ணே, இன்ஜின் சூட்ட அது உள்ள இழுத்துக்கும்" என்றான் இர்பான்.

சித்திரை வெயிலில் ஹீட்டர்! வேர்வை சொட்டச் சொட்ட ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டினேன். சிக்னலில் போலீஸ்காரர் ஜன்னலுக்குள் கைவிட்டுப் பார்த்து, "தண்டி வாஜ்தே கா?" என்றார். குளிருகிறதா என்று கேட்கிறார்! இர்பான் பணிவாகத் தலையாட்டினான்.

ரேடியேட்டர் ஃபேன் வயரை எலி கடித்திருந்ததாம். மாற்றியாகிவிட்டது, கவலைப்படாதே.

தீபாவுக்குப் பரீட்சை என்றைக்கு முடிகிறது? டிக்கெட் எடுக்க வேண்டும். முன் சீட் கிழிந்திருக்கிறது. விரிக்க உன் பழைய சேலை ஒன்று அனுப்பு. துவைக்க வேண்டாம்.

கம்பெனி பஸ் வந்துவிட்டது, ஓடுகிறேன்.

உன்
ஜெகதீசன்