ஐந்தரைக் கட்டை

ஜூன் 11, புதன்

விடிந்ததிலிருந்து சாரல். பஸ்ஸில் விட்ட குடை போனது போனதுதான்.

இன்று:
ஆன்சி விண்ணப்பம் – எச்.எம். கையெழுத்து, முத்திரை
பிறப்புச் சான்று நகல், அவள் அம்மாவிடம்
பங்குச் சாமியாரிடம் கோயில் கீபோர்டு, இரவல்
அம்மாவுக்கு முட்டி வலித் தைலம்

முதல் மூன்றும் ஆயிற்று. தைலம் மறந்தேன். வீட்டுக்கு வந்ததும் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

விண்ணப்பம் மதுரைப் பக்கத்து இசைப் பயிற்சி நிலையத்துக்கு. தங்கிப் படிக்கலாம். பள்ளிப் படிப்பும் அங்கே, பாட்டும் அங்கே. மாவட்டத்துக்கு ஒரே ஒரு பிள்ளை. பதினைந்து வயது ஆவதற்குள் சேர வேண்டும். ஆன்சிக்கு டிசம்பரில் பதினைந்து. ஆகவே அடுத்த வருடம் என்ற பேச்சே இல்லை. இப்போது விட்டால் விட்டதுதான்.

இந்தக் கடலோரப் பள்ளியில் பாட்டு டீச்சராக எனக்கு ஒன்பது வருடம். பகுதி நேரம். திங்கள், புதன், வெள்ளி, அதுவும் அரை நாள். சொந்தமாக நாற்காலி கிடையாது, தையல் டீச்சர் வராத நாளில் அவள் நாற்காலி. ஒன்பது வருடத்தில் எத்தனையோ பிள்ளைகளுக்கு சுதந்திர தினப் பாட்டு சொல்லித் தந்திருக்கிறேன். குரல் என்று ஒன்று வந்தது இவள் ஒருத்திக்குத்தான். ஒன்பதாம் வகுப்பு, கடைசி பெஞ்ச், கோயில் பாட்டுக்குழுவிலும் கடைசி வரிசை. வாயைத் திறந்தால் அறை நிறைந்துவிடும்.

படிவத்தில் ஒரு கட்டம்: பாடும் சுருதி. கீபோர்டில் ஐந்தரைக் கட்டையை அழுத்திப் பிடித்துப் பாடச் சொன்னேன். மேலேயும் கீழேயும் தாராளமாகப் போய் வந்தாள். மையில் எழுதினேன். ஐந்தரை.

"டீச்சர், ஐந்தரைண்ணா கூடுதலா?"

"பொம்பளப் பிள்ளையளுக்கு உள்ள சுருதிதான் மக்கா. உனக்கு நல்லா ஒத்து வருது."

கீபோர்டைத் திரும்பக் கொடுக்கப் போனேன். அதன் திரை எரிவதில்லை, பல மாதமாயிற்று. கோயிலில் அதை வாசிக்கிற செல்வினுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. "பொத்தான் ஒண்ணையும் ஞெக்காண்டாம் டீச்சர், ஞாயித்துக்கிழமைக்கு செட் பண்ணி வெச்சிருக்கேன்" என்றான். நான் எதற்கு ஞெக்கப் போகிறேன்.

ஜூன் 13, வெள்ளி

மழை இல்லை. புழுக்கம்.

சுற்றறிக்கை. இசை ஆசிரியர்களுக்கு ஐந்து நாள் பயிற்சி, திங்கள் முதல் வெள்ளி வரை, நாகர்கோவிலில். டிப்ளமோ முடித்த பிறகு எனக்கு யாரும் எதையும் சொல்லித் தந்ததில்லை. எச்.எம். அறைக்கு ஓடாத குறையாகப் போனேன்.

"ரெகுலர் ஆளுகளுக்கு மட்டும்ண்ணு போட்டிருக்கு டீச்சர். நான் என்ன செய்யட்டு?"

பள்ளியிலிருந்து ஒருவராவது போயே ஆக வேண்டுமாம். போகிறவர் தங்கராஜ் சார். சமூக அறிவியல். அவரே வந்து சொன்னார், பாவம், முகத்தைப் பார்க்காமல்: "எனக்கு சரிகமபதநில பாதிக்கு மேல தெரியாது டீச்சர். ஆளு போகல்லேண்ணா விளக்கம் கேப்பாவளாம்."

சிரித்தேன். பிறகு கழிப்பறையில் போய் நின்றேன். பாட்டுக்காரி வீட்டில், வரலாற்றுக்காரர் பாட்டுப் பயிற்சியில். எளவு, இதை யாரிடம் சொல்ல.

ஜூன் 15, ஞாயிறு

மண்டைக்காட்டில் இறங்கி நடந்தேன். ஆன்சி வீடு. அவள் அம்மா ரோஸ் அக்கா மீன் விற்றுவிட்டு வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். அப்பா பஹ்ரைனில் படகு வேலை. குடிக்க வெள்ளம் தந்தார், பிறகு சாயா, பிறகு வேண்டாம் என்று சொல்லச் சொல்ல ஒரு தட்டு மரச்சீனிக் கிழங்கு.

பக்கத்து வீட்டு அம்மாள் வாசலில் நின்றபடியே: "பாட்டு படிச்சு என்னத்துக்கு? நர்சிங்ண்ணா வெளியூருக்காவது போலாம்."

ரோஸ் அக்கா அதைக் காதில் வாங்கவில்லை. "அவ அப்பாட்ட போன்ல கேட்டேன் டீச்சர். 'டீச்சர் சொல்லுதாவல்லா, பின்ன என்ன, அனுப்பு'ண்ணாவ. எங்களுக்கு இதப் பத்தி ஒண்ணும் தெரியாது. நீங்க பாத்துக்கிடுங்க."

நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். சத்தமாகவே சொன்னேன், பக்கத்து வீட்டுக்கும் கேட்க.

ஜூன் 18, புதன்

தேர்வுக்கு முன் கடைசி ஒத்திகை, கோயில் கீபோர்டிலேயே சுருதி வைத்து. மோகனத்தில் ஒரு கீர்த்தனை, கொஞ்சம் சுரம். மேலே போகும் இடத்தில் கண்ணை மூடிக்கொள்கிறாள், எனக்கு மயிர்க்கால் குத்திட்டது. ஜன்னலில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள். சத்துணவு அக்கா கரண்டியோடு வந்து நின்றுவிட்டுப் போனார்.

இவளுக்குக் கிடைத்துவிட்டால் இந்த ஒன்பது வருடமும் வீண் இல்லை என்று தோன்றியது. எழுதி வைக்கிறேன். வாய்விட்டுச் சொல்லக் கூச்சம்.

தைலம் வாங்கியாயிற்று.

ஜூன் 21, சனி

திருநெல்வேலி. அங்கேதான் குரல் தேர்வு. அதிகாலை பஸ். ஆரல்வாய்மொழியில் காற்று ஜன்னலை உடைத்துவிடும் போல. "தொண்டையில காத்து படாண்டாம், ஷால் போடு" என்றேன். போட்டாள். அந்த நேரம் மட்டும்தான் பேசினாள்: "டீச்சர், அங்க கடல் கெடையாதுல்லா?" மதுரையைக் கேட்கிறாள். இல்லை என்றேன். சிரித்தாள்.

உள்ளே ஆசிரியர்களை விடவில்லை. வராந்தாவில் தகர ஷீட், மேலே மழை. ஜன்னல் பக்கம் போய் நின்றேன். தொடக்கம் நன்றாக இருந்தது. சுருதி கொஞ்சம் மேலே நிற்கிறதோ என்று ஒரு நினைப்பு. வேறு சுருதிப் பெட்டி, வேறு அறை, அதனால் இருக்கும் என்று விட்டுவிட்டேன். மேல் சட்ஜத்தைத் தாண்டும்போது குரல் உடைந்தது. மறுபடி எடுத்தாள். மறுபடி உடைந்தது. பிறகு வெறும் மழைச் சத்தம்.

வெளியே வந்தாள்.

"என்ன பிள்ளே ஆச்சு?"

"பாடுனேன் டீச்சர்."

பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். வாங்கிக் கொடுத்த தோசையைப் பிரிக்கவே இல்லை. எனக்குக் கோபம் தலைக்கேறியது. சொல்லிவிட்டேன்: "இத்தன நாளு சொல்லித் தந்தத ஒரு நிமிஷத்துல கெடுத்துட்டியே." பக்கத்து சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். அவள் வெளியே காற்றாலைகளைப் பார்த்துக்கொண்டே வந்தாள். வடசேரி பஸ் நிலையம் வரும்வரை முகத்தை இந்தப் பக்கம் திருப்பவில்லை.

ஜூன் 23, திங்கள்

போனில் முடிவு வந்தது. வேறு ஒரு பெயர். ஆன்சி இன்று பள்ளிக்கு வரவில்லை. காய்ச்சல் என்று தங்கையிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார் ரோஸ் அக்கா.

தங்கராஜ் சார் பயிற்சியிலிருந்து வந்துவிட்டார். அஞ்சு நாளும் நல்ல சாப்பாடாம். எல்லாருக்கும் ஆளுக்கொரு சுருதிப் பெட்டி கொடுத்திருக்கிறார்கள். கையடக்கம், புதுசு, உறை கூடப் பிரிக்கவில்லை. "எனக்கு எதுக்கு டீச்சர், நீங்க வச்சுக்கிடுங்க. முதல் நாளே சொன்னாவ, பிள்ளையளுக்கு சுருதி பாக்கணும்னா இதுல வச்சுத்தான் பாக்கணும், கீபோர்ட நம்பாதியண்ணு. ஏன்ண்ணு எனக்கு வெளங்கல்ல."

எனக்கும் விளங்கவில்லை. வாங்கிப் பையில் போட்டேன்.

ஜூன் 25, புதன்

வெயில். துணி காய்ந்தது.

எட்டாம் வகுப்புக்குக் கீபோர்டு கொண்டு வந்தேன். சும்மா, புதுப் பெட்டி எப்படி என்று பார்க்க, அதை ஐந்தரையில் வைத்து, கீபோர்டிலும் ஐந்தரையை அழுத்தினேன். ஒத்துப் போகவில்லை. கொஞ்சநஞ்சம் அல்ல. பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தன.

பெட்டி கோளாறு என்றுதான் முதலில் நினைத்தேன். போனில் சுருதி போட்டுப் பார்த்தேன். போனும் பெட்டியும் ஒன்று. கீபோர்டுதான் வேறு.

செல்வினைக் கூப்பிட்டு அனுப்பினேன். கையில் பெயின்ட்டோடு வந்தான்.

"அரைக்கட்ட அரைக்கட்டையா மூணு படி எறக்கி வெச்சிருக்கேன் டீச்சர். குவையர்ல பெரியவங்களுக்கு மேல எட்டல்ல. ஈஸ்டர்ல இருந்தே அப்படித்தான். அணைச்சாலும் மாறாது. ஏன், என்ன காரியம்?"

ஒன்றுமில்லை என்றேன். அவன் மேல் என்ன தப்பு. பொத்தானைத் தொடாதே என்று அவன் சொல்லத்தான் செய்தான்.

அப்படியென்றால், என் விரல் ஐந்தரையில் இருந்தது, சத்தம் வந்தது நாலு கட்டையில். ஆன்சி பாடியது நாலில். நான் எழுதியது ஐந்தரை. திருநெல்வேலியில் படிவத்தைப் பார்த்து ஐந்தரையில் வைத்திருக்கிறார்கள். மூன்று படி மேலே போய் ஒரு பிள்ளை எப்படிப் பாடும்.

போன் என் பையில்தான் இருந்தது. படிவம் எழுதிய அன்றும் இருந்தது, ஒத்திகை அன்றும் இருந்தது. ஒரு தடவை போட்டுப் பார்த்திருந்தால் போதும். பாட்டு டீச்சராம்.

எட்டாம் வகுப்புக்கு என்ன சொல்லித் தந்தேன் என்று நினைவில்லை.

ஜூன் 26, வியாழன்

எனக்குப் பள்ளி இல்லாத நாள். பயிற்சி நிலையத்துக்குப் போன் செய்தேன். பேசியவர் மரியாதையாகத்தான் பேசினார். தப்பு என்னுடையது, சுருதி மாற்றி எழுதிவிட்டேன், இன்னொரு தடவை கேட்க முடியுமா என்றேன்.

"பட்டியல் போயாச்சு மேடம். அடுத்த வருஷம் போடுங்க."

"அடுத்த வருஷம் வயசு தாண்டிரும் சார்."

"அப்ப ஒண்ணும் செய்ய முடியாது மேடம்."

கடிதமாக எழுதினேன். அனுப்பும் முன் எச்.எம்.மிடம் போனில் படித்துக் காட்டினேன். "எழுத்துல குடுக்காதிய டீச்சர். தப்பு எனக்கதுண்ணு கையெழுத்து போட்டா, நாளைக்கு உங்க ஒப்பந்தத்த புதுப்பிக்கும்போது அதத்தான் எடுத்து முன்னால வெப்பாவ. அந்தப் பிள்ளைக்கும் பிரயோஜனம் இல்ல."

அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. அதுதான் கேடு. கடிதம் பையில் மடித்தபடி இருக்கிறது. தபால் பெட்டியைத் தாண்டி இரண்டு தடவை நடந்தேன். போடவில்லை.

அம்மா கேட்டார், ஏன் முகம் இப்படி இருக்கு என்று. தலைவலி என்றேன். தைலம் தந்தார்.

ஜூன் 27, வெள்ளி

மறுபடி மழை. ஆன்சி வந்திருந்தாள். மெலிந்த மாதிரி. மதிய இடைவேளையில் தையல் அறைக்குக் கூப்பிட்டேன். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

எல்லாம் சொன்னேன். கீபோர்டு, செல்வின், நாலு, ஐந்தரை. நான்தான் மாற்றி எழுதிவிட்டேன், உன் குரலில் ஒரு குறையும் இல்லை என்று.

அவள் அழவில்லை. தையல் மிஷின் சக்கரத்தை விரலால் மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"எனக்கு அங்க வச்சே தெரிஞ்சுது டீச்சர். சுருதி போட்ட உடனே."

"பின்ன ஏன் பிள்ளே சொல்லல்ல?"

"அங்க பாட்டு கேக்க இருந்த அம்மா கேட்டாவ. 'உனக்கு இது கூடுதலா இருக்கு, குறைக்கட்டுமா'ண்ணு. ரெண்டு தடவ கேட்டாவ. நான் வேண்டாம்ண்ணு சொல்லிட்டேன்."

"ஏன்?"

"பேப்பர்ல டீச்சருக்க கையெழுத்துல்லா இருந்துச்சு. குறைக்கச் சொன்னா, டீச்சருக்கு ஒண்ணும் தெரியாதுண்ணு நெனைப்பாவல்லா."

பெல் அடித்தது. கணக்கு சார் திட்டுவார் என்று ஓடிவிட்டாள்.

பஸ்ஸில் சொன்ன சொல்லுக்கு நான் மன்னிப்புக் கேட்கவே இல்லை.