திருவிடந்தை வரைக்கும் விழித்திருந்தவளுக்கு

இன்று காலை பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இருந்தவள் டப்பாவைத் திறந்து நெற்றியில் தைலம் தேய்த்துக்கொண்டாள். அவ்வளவுதான், பஸ் முழுக்க நீ வந்துவிட்டாய். நைட் ஷிப்ட் முடிந்து மறைமலைநகரில் கம்பெனி பஸ் ஏறியதும் நீ செய்கிற முதல் வேலை அதுதானே. நெற்றிப்பொட்டில் கொஞ்சம், கண்ணுக்குக் கீழே கொஞ்சம். தலைவலிக்காரி என்று உனக்குப் பட்டம் வைத்ததே நான்தான். தலைவலியாவது மண்ணாவது. தூக்கம் வராமல் இருக்கத்தான் தேய்த்துக்கொள்கிறாய் என்று எனக்குப் புரியவே ரொம்ப நாள் ஆயிற்று.

ராத்திரி முழுக்க நின்றபடி கார் ஒயர்களுக்கு டேப் சுற்றிவிட்டு வருகிறவர்கள் நாம். சீட்டில் உட்கார்ந்ததும் அடித்துப் போட்ட மாதிரி தூங்கிவிடுவோம். ஸ்டாப்பைத் தவறவிட்டால் திரும்பி வர ஒரு மணி நேரம் போய்விடும். வீட்டில் பிள்ளைகள் சோற்றுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நின்றுகொண்டிருக்கும். நீ இருந்தவரை ஒருத்தியும் தவறவிட்டதில்லை. செங்கல்பட்டில் இறங்குகிறவள் பின்னலைப் பிடித்து இழுத்தால்தான் எழுந்திருப்பாள். திருக்கழுக்குன்றத்துக்காரியை அப்படி இழுத்தால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வாள். அவள் மடியில் சாப்பாட்டுப் பையை வைத்துவிட்டுப் பேசாமல் நிற்பாய். எனக்கு முழங்கையால் ஒரு இடி. "எந்திரிடி, மகாபலிபுரம் வந்துகினு கீது" என்பாய். நான் கண்ணைக் கசக்கிக்கொண்டு இறங்கிப் போய்விடுவேன்.

நீ திருவிடந்தை வரைக்கும் போகவேண்டும். பஸ்ஸை நிறுத்துகிற ஷெட்டும் அங்கேதான். கட்டியவன் விட்டுவிட்டுப் போனபிறகு, அண்ணன் வீட்டில் வலையும் சாமானும் போட்டிருந்த அறையில் ஒரு ஓரத்தை ஒதுக்கிக் கொடுத்திருந்தார்கள் உனக்கு.

கேன்டீனில் எல்லாரையும் உட்கார வைத்து, வெளியிலிருந்து ஒருவர் வந்து வகுப்பு எடுத்தாரே, ஞாபகம் இருக்கிறதா? கழுத்தில் டை, கையில் மைக். வாழ்க்கைக்கு ஒரு நோக்கம் வேண்டும் என்றார். ஒவ்வொருத்தியாக எழுந்து அவரவர் நோக்கத்தைச் சொல்லச் சொன்னார். என் பெண்ணை இன்ஜினியர் ஆக்கிவிட்டுத்தான் ஓய்வேன் என்றேன் நான். எல்லாரும் கைதட்டினார்கள். எனக்கும் கொஞ்சம் தலை கனத்துத்தான் போனது. அடுத்து நீ எழுந்தாய்.

"ஒண்ணும் தோணல சார். வூட்டுக்குப் போனா போதும்னு கீது."

சிரிப்பு அடங்கவே நேரமாயிற்று. யோசித்து வையுங்கள், அடுத்த தடவை கேட்பேன் என்றார் அவர். அடுத்த தடவை அவர் வரவே இல்லை.

நீயும் சேர்ந்துதான் சிரித்தாய். பஸ்ஸில்தான் முகம் மாறியது. "எல்லாரும் டக்டக்குனு சொல்றீங்க. எனக்கு மட்டும் ஏண்டி ஒண்ணுமே இல்ல? எதுக்குத்தான் பொறந்தேனோ" என்றாய். எதுக்கு, என் உயிரை வாங்கத்தான் என்றேன். சிரித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். நான் தூங்கிவிட்டேன். பூஞ்சேரி தாண்டியதும் வழக்கம்போல முழங்கை வந்து இடித்தது.

போன மழைக்காலத்தில், ஒரு வாரக் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாய். ஷிப்ட் முடிந்து யூனிபார்மோடு வந்து நின்றோம். எனக்கு அழுகை வரவில்லை. கல்நெஞ்சுக்காரி என்று உன் அண்ணி நினைத்திருப்பாள்.

என் பெண் இன்ஜினியர் ஆனதும் புனேயில் வேலைக்குப் போனதும் உனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை போன் செய்து சாப்பிட்டியாம்மா என்பாள்; சாப்பிட்டேன் என்பேன்; அப்புறம் இரண்டு பேருக்கும் பேச ஒன்றும் இருக்காது. நல்ல பெண்தான், குறை சொல்லவில்லை. கைதட்டு வாங்கிய நோக்கம் நிறைவேறிவிட்டது. நிறைவேறின பிறகு எதற்காக எழுந்திருப்பது என்று அந்த மைக்குக்காரர் சொல்லித்தரவில்லையே. அவள் அப்பாவும் இல்லாத வீடு. ஒரு ஆளுக்கு உலை வைப்பதே வெறுத்துப்போயிற்று. இந்த மாதத்தோடு வேலையை விட்டு நின்றுவிடுகிறேன் என்று சூப்பர்வைசரிடம் சொன்னேன். நின்று என்ன செய்யப்போகிறாய் என்று அவர் கேட்கவில்லை.

நீ போனதிலிருந்து எப்படியோ கண்விழித்து இறங்கிக்கொண்டிருந்தவள், அந்த வாரம்தான் ஸ்டாப்பைத் தவறவிட்டேன். பஸ் நின்ற சத்தத்தில் கண்ணைத் திறந்தால் சவுக்குத் தோப்பு, அதற்கு அந்தப் பக்கம் கடல். பஸ்ஸில் என்னைத் தவிர ஒருத்தரும் இல்லை. திருவிடந்தை. உன் ஸ்டாப்பு. என்னை யாரும் இடிக்கவில்லை. அடிப்பாவி, நீ செத்துப்போய்விட்டாய் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. உன்னை எடுத்த அன்று வராத அழுகையெல்லாம் அந்தக் காலி பஸ்ஸில் வந்தது.

டிரைவர் பதறிக்கொண்டு வந்தார். நீங்கள் இறங்கிவிட்டீர்கள் என்றுதான் நினைத்தேன் அக்கா என்று மன்னிப்புக் கேட்டார். தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தார். நான் அழுவது ஸ்டாப்புக்காக இல்லை என்று அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அவராகவே உன் பேச்சை எடுத்தார்.

"மகாபலிபுரம் தாண்டினா முன்னாடி வந்து குந்திக்கும்க்கா. வாய் ஓயாம பேசிகினே வரும். இன்னாத்துக்கு இவ்ளோ பேசறேன்னு ஒருநாள் கேட்டேன். நீ தூங்கிட்டு வண்டிய எங்கனா கொண்டுபோய் வுட்டுட்டேன்னா, நாளைக்கு அவளுங்கள எல்லாம் யாரு இட்டுகினு போறது அண்ணாத்தன்னுச்சு."

இப்போதெல்லாம் கண் செருகினால் தன் கன்னத்தில் தானே அறைந்துகொண்டு ஓட்டுவதாகச் சொன்னார்.

இதை ஏன் என்னிடம் ஒருநாளும் சொல்லவில்லை? சொல்லும்படியான விஷயமாகவே உனக்குத் தோன்றியிருக்காது. தோன்றியிருந்தால் அந்த மைக்குக்கு முன்னால் ஒன்றும் இல்லை என்று சொல்லியிருப்பாயா? தெரியாமலே போய்விட்டாயே என்பதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

நான் நிற்கவில்லை என்று சூப்பர்வைசரிடம் போய்ச் சொன்னேன். ஏன் என்றார். ஸ்டாப்பு வந்தா எழுப்ப ஆளில்ல சார் என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

இப்போது நான்தான் எழுப்புகிறேன். உன் பக்குவம் எனக்கு வரவில்லை. புதிதாகச் சேர்ந்த ஒருத்தியை ஒரு ஸ்டாப்பு முன்னாலேயே எழுப்பிவிட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். இதுதான் என் நோக்கம் என்று எழுந்து நின்று சொல்ல எனக்கும் கூச்சமாகத்தான் இருக்கும். வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தால் அதே வெறும் வீடுதான். அதற்கு இது மருந்தில்லை. ஆனாலும் ஷிப்டுக்கு நேரமானால் எழுந்து குளித்துவிடுகிறேன்.

பூஞ்சேரியில் கடைசி ஆள் இறங்கியதும் முன்னால் போய் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். மகாபலிபுரத்தில் இறங்குவதில்லை. ஷெட் வரைக்கும் போய், அங்கிருந்து பஸ் பிடித்துத் திரும்பி வருகிறேன். உனக்கென்ன கிறுக்கா என்பாய். இருக்கட்டும். அவ்வளவு தூரம் பேச என்னிடம் என்ன இருக்கிறது, நான் என்ன உன்னைப் போல வாயாடியா? உன்னைப் பற்றித்தான் பேசிக்கொண்டு போகிறேன்.